முன்சீட்டு டிக்கெட்டும் மத்தூர் ஸ்டேஷனும்

கண்ணா,

நீ அனுப்பிய இரண்டு விமான டிக்கெட்டும் வந்து சேர்ந்தன. எதிர்வீட்டுப் பெண் தன் ஆபீஸில் அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். இந்த முறையும் முன்பக்கத்து வகுப்புதான் போட்டிருக்கிறாய், பிசினஸ் கிளாஸ். அம்மாவுக்கு மூட்டு வலி, காலை நீட்டி உட்காரட்டும் என்று நீ நினைத்தது புரிகிறது. ஆனால் அம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு, தன்னுடையதை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டாள். "நான் மட்டும் போறேனுங்க. நீங்க இங்கயே இருங்க" என்றாள். மறுநாள் உன்னிடமும் போனில் அதையே சொல்லியிருக்கிறாள். நீ என்னைக் கூப்பிட்டு, "என்னப்பா, ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்று கேட்டாய். சண்டையெல்லாம் இல்லை என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். நான் சொன்னது உண்மைதான். சண்டையாக இருந்தால் நாலு நாளில் தீர்ந்திருக்கும்.

நடந்ததைப் போனில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஆரம்பித்தால் நீ "விடுங்கப்பா, பழைய கதை" என்பாய், நானும் அதுதான் சாக்கு என்று விட்டுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் வாசிக்க நேரம் பிடிக்கும் என்று தெரியும். பள்ளிக்கூடத்தில் கன்னடமும் இங்கிலீஷும் படித்தவன் நீ. ரயில்வே குவார்ட்டர்ஸ் சமையலறையில் உட்காரவைத்து அம்மா கற்றுக்கொடுத்த எழுத்துதான் உன் தமிழ். மெதுவாகவே வாசி, அவசரம் இல்லை. எனக்கும் எழுபத்தொன்று ஆகிறது. காலையில் யாதவகிரியில் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தால் மாடிப்படி ஏற மூச்சு வாங்குகிறது. இந்தக் கடிதத்தையே மூன்று நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். என்னை உறுத்துவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகிற டிக்கெட் மட்டும்தான் நீ போட்டிருக்கிறாய். உன் மனைவி வேலைக்குத் திரும்புகிறாள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், எத்தனை மாதம் என்று யாருக்கும் தெரியாது. திரும்பி வரும் தேதியை அம்மாவும் கேட்கவில்லை. அவள் அப்படியே அங்கேயே இருந்துவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

இது போன தை மாதம், குழந்தையின் முதல் பிறந்த நாளுக்கு நாங்கள் டெல்லி வந்தபோது ஆரம்பித்தது. அந்தப் பயணத்தை நான் உன்னிடம் எப்படிச் சொன்னேன்? "ராஜ உபசாரம்டா" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. பெங்களூரு விமான நிலையத்தில் எங்களுக்குத் தனி வரிசை. வரிசையில் எங்களைத் தவிர ஆளே இல்லை. காத்திருக்கும் அறையில் சோபாவில் உட்காரவைத்து, இட்லியிலிருந்து கேக் வரைக்கும் எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். விமானத்தில் ஏறியதும் அந்தப் பணிப்பெண் என் பெயரைச் சொல்லி வரவேற்றாள். நான் பழக்க தோஷத்தில் டிக்கெட்டை எடுத்து அவளிடம் மறுபடியும் நீட்டினேன். வெந்நீரில் நனைத்த சிறு துண்டைக் கொடுத்து முகம் துடைத்துக்கொள்ளச் சொன்னாள். பிறகு அம்மாவின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அம்மாவின் முகத்தைப் பார்த்து, சாப்பாட்டுக்கு என்ன வேண்டும் என்று விசாரித்தாள். அம்மா பதில் சொல்லி அனுப்பிவிட்டு என்னிடம், "இப்படி ஒவ்வொருத்தர்கிட்டயும் குந்திக் குந்தி எந்திரிச்சா இந்தப் புள்ளைக்கு முட்டி வலிக்காதுங்களா?" என்றாள். உன் அம்மாவுக்கு எங்கே போனாலும் அடுத்தவர் முட்டிதான் கண்ணில் படும்.

எனக்கு வேறு பட்டது. உட்கார்ந்த உடனே எண்ணினேன். முன் வகுப்பில் எட்டு இருக்கை, ஆறு பேர், இரண்டு காலி. முப்பத்தாறு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன் கண் அப்படித்தான் போகும். முதல் வகுப்புக் கதவில் நின்று எத்தனை பேரை "இது உங்க கிளாஸ் இல்ல, எறங்குங்க" என்று சொல்லியிருப்பேன்! கதவுக்கு உள்பக்கம் நான் காலை நீட்டி உட்கார்ந்தது அன்றைக்குத்தான். விமானம் மேலே போனதும் பணிப்பெண் எங்களுக்கும் பின்னால் இருப்பவர்களுக்கும் நடுவில் ஒரு திரையை இழுத்துவிட்டாள். அந்தத் திரை விழுந்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி வந்தது, கண்ணா. அதை மறைக்க மாட்டேன். கறுப்புக் கோட்டு மட்டும்தான் போட்டிருக்கவில்லை.

ஒரு மணி நேரம் போயிருக்கும். திரையை விலக்கிக்கொண்டு ஒரு சின்ன வயதுப் பெண் வந்தாள். இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை. முன்னால் இருக்கும் கழிப்பறையைப் பார்த்து நடந்தாள். பணிப்பெண் உள்ளே தட்டுகளைச் சூடுபண்ணிக்கொண்டிருந்தாள், கவனிக்கவில்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை. நடைபாதை ஓரம் உட்கார்ந்திருந்த நான் கையை நீட்டி அந்தப் பெண்ணை மறித்தேன். இது முன் வகுப்புக்காரர்களுக்கு மட்டும், உங்களுக்குப் பின்னால் இருக்கிறது, அங்கே போங்கள் என்று இங்கிலீஷில் சொன்னேன். பின்னால் சாப்பாட்டு வண்டி வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது, குழந்தை அடக்க முடியாமல் தவிக்கிறது என்று அவள் இந்தியில் கெஞ்சினாள். ரூல் என்றால் ரூல்தானே என்றேன். அவள் முகம் சிவந்துபோய் திரும்பிவிட்டாள். திரைக்கு அந்தப் பக்கம் போனதுமே குழந்தை அழும் சத்தம் கேட்டது. என்ன நடந்திருக்கும் என்று எனக்கே தெரிந்தது.

அம்மா இடுப்புப் பெல்ட்டைக் கழற்றினாள். "நகருங்க" என்றாள். அவ்வளவுதான். முட்டியைப் பிடித்துக்கொண்டு என்னைத் தாண்டி, ஒவ்வொரு சீட்டாகப் பிடித்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள். வரும்போது அந்தக் குழந்தையின் கையைப் பிடித்திருந்தாள். குழந்தையின் பாவாடை நனைந்திருந்தது. பின்னால் அந்தப் பெண், யாரிடம் என்று இல்லாமல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தாள். அம்மா தன் கன்னடத்தில் பணிப்பெண்ணிடம் ஏதோ சொன்னாள், அவளும் உடனே கதவைத் திறந்துவிட்டாள். விமானத்துக்காரர்களுக்கே இல்லாத கண்டிப்பு எனக்கு எதற்கு என்று அப்போதுதான் தோன்றியது. குழந்தையைச் சுத்தம் செய்து, தனக்குக் கொடுத்த கம்பளியைச் சுற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டு அம்மா வந்து உட்கார்ந்தாள். வெள்ளைத் துணி விரித்து, பீங்கான் தட்டில் சாப்பாடு வந்தது. அவள் தொடவில்லை. ரொம்ப நேரம் கழித்து, ஜன்னல் பக்கமாகப் பார்த்துக்கொண்டே, "அன்னிக்கும் இதே குரல்தானுங்க" என்றாள். என்றைக்கு என்று தெரியாதவன்போல் கேட்டேன். "மத்தூர்ல" என்றாள்.

மத்தூர் கதை உனக்குத் தெரியும். தெரியுமென்ன, அந்தக் கதையைக் கேட்டுத்தான் நீ வளர்ந்தாய். உனக்கு நாலு வயது. குவார்ட்டர்ஸ் பின்னால் கொய்யா மரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டாய். பெங்களூரில் ஒரு எலும்பு டாக்டரிடம் காட்டி, தொடையிலிருந்து பாதம் வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டு, அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு மத்தியான வண்டியில் மைசூருக்குத் திரும்பினாள். அந்த வண்டியில் எனக்கு டூட்டி. நம் குடும்பப் பாஸ் இரண்டாம் வகுப்புக்குத்தான். இரண்டாம் வகுப்பில் நிற்க இடமில்லை. முதல் வகுப்புப் பெட்டியின் உதவியாளர் லிங்கப்பா உன் கட்டைப் பார்த்து மனசு கேட்காமல், "பரவாயில்லம்மா, இல்லி கூத்கொளி" என்று காலியாக இருந்த ஒரு சின்ன அறையில் உங்களை உட்காரவைத்தார். மத்தூர் ஸ்டேஷனில் நான் அங்கே வந்தேன். சொந்த மனைவி என்றும் பார்க்காமல், சொந்தப் பிள்ளை கால் உடைந்து படுத்திருக்கிறான் என்றும் பார்க்காமல், பாஸ் எந்த வகுப்பு என்று கேட்டு, இறக்கி, இரண்டாம் வகுப்புக்கு அனுப்பினேன். இதுதான் கதை.

லிங்கப்பா இதை ஆச்சரியமாக நாலு பேரிடம் சொன்னார். நாலு பேர் நாற்பது பேரிடம் சொன்னார்கள். மைசூர் ஸ்டேஷனில் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு என்னைக் காட்டி, "பெண்டாட்டியையே இறக்கிவிட்டவர்" என்று அறிமுகப்படுத்துவார்கள். ஏழாம் வகுப்பில் 'என் தந்தை' என்று கன்னடத்தில் நீ கட்டுரை எழுதி, அதைப் பள்ளி ஆண்டு விழாவில் மேடையில் வாசித்தாய், பரிசு வாங்கினாய். என் பணி ஓய்வு விழாவில் பெரிய அதிகாரி ஒருவர் மாலையைப் போட்டுவிட்டு இதையேதான் பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். அம்மா முன் வரிசையில் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்து, "இப்படிப்பட்டவரோடு வாழ்ந்த உங்களுக்கும் ஒரு மாலை" என்றார். அவள் எழுந்து கும்பிட்டு வாங்கிக்கொண்டாள். கண்ணா, இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நான் அந்தக் கதையை முழுதாகச் சொல்லவில்லை.

முழுக் கதை இது. உங்களுக்குப் பக்கத்து அறையில் ஒரு குடும்பம் இருந்தது. நாலு பேர். மேலதிகாரி ஒருவரின் மைத்துனர், அவர் மனைவி, இரண்டு பெண்கள். அவர்களிடம் முதல் வகுப்பு டிக்கெட் இல்லை. எந்த வகுப்பு டிக்கெட்டும் இல்லை. பெங்களூரில் ஏறியபோதே அது எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை. கேட்காததோடு நிற்கவில்லை, சென்னப்பட்டணத்தில் இறங்கி அவர்களுக்குக் காபி வாங்கிக் கொடுத்தேன். நீ அன்றைக்கு வலி தாங்காமல் அழுதுகொண்டிருந்தாய். வண்டி ஆடும்போதெல்லாம் கத்தினாய். மத்தூரில் நான் அந்தப் பெட்டிக்குள் வந்தபோது மைத்துனர் என்னைக் கூப்பிட்டார். "பக்கத்துல யாருங்க அது, ஒரே அழுகை? அவங்க ஃபர்ஸ்ட் கிளாஸ்தானா? பாத்தீங்களா?" என்றார். டிக்கெட் இல்லாமல் உட்கார்ந்திருந்த மனிதர் கேட்டது இது. 'அது என் மனைவி, என் பிள்ளை, கால் உடைந்திருக்கிறது' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என்னை என்ன செய்திருப்பார்? ஒன்றும் செய்திருக்க மாட்டார். ஆனால் என் குடும்பமும் ஓசியில் போகிறது என்று அவர் நினைத்துவிடுவாரோ என்று எனக்கு வெட்கமாக இருந்தது. ஓசியில் போகிறவர் முன்னால் எனக்கு வெட்கம்! வாய் திறக்காமல் பக்கத்து அறைக்குப் போனேன்.

அம்மா என்னைப் பார்த்ததும் சிரித்தாள். நான் வந்துவிட்டேன் என்று நிம்மதியாகச் சிரித்தாள். நான் அவளை யாரோ ஒரு பெண்ணைப் பார்ப்பதுபோல் பார்த்து, அந்த மனிதருக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக, "உங்க பாஸ் எந்த கிளாஸும்மா? இது ஃபர்ஸ்ட் கிளாஸ். எறங்குங்க" என்றேன். அந்தக் காலத்துப் பெட்டியில் உள்ளுக்குள்ளேயே நடந்து போக வழி இல்லை. பிளாட்பாரத்தில் இறங்கித்தான் அடுத்த பெட்டிக்குப் போக வேண்டும். ஒரு கையில் நீ, உன் கட்டுப்போட்ட கால் நேராக நீட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு கையில் பை. அம்மா இறங்கினாள். லிங்கப்பா ஓடிப்போய்ப் பையை வாங்கிக்கொண்டார். நான் வாங்கவில்லை. மைசூர் வருகிற வரைக்கும் அவள் நின்றுகொண்டே வந்தாள் என்று பிறகு தெரிந்தது. வீட்டுக்கு வந்து நான் அவளிடம் சொன்னது என்ன தெரியுமா? "டூட்டின்னா டூட்டிதான், என்ன பண்றது?" என்றேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததால் நான் தப்பித்தேன். பிறகு ஊரே பாராட்ட ஆரம்பித்தபோது, நிஜமாகவே அப்படி ஒரு நேர்மைக்காகத்தான் செய்தேன் என்று நானே நம்பவும் ஆரம்பித்துவிட்டேன்.

பக்கத்து அறை விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று முப்பத்தைந்து வருஷமாக நினைத்திருந்தேன். விமானத்தில், மத்தூர் என்று சொன்ன பிறகு, அம்மா இன்னொன்றும் சொன்னாள். "பக்கத்து ரூம்ல இருந்தவங்கள நீங்க ஒண்ணும் கேக்கலீங்களே. பாவா, அதான் உங்க மேலதிகாரி, அவரு பேரச் சொன்னா ஒருத்தனும் டிக்கெட் கேக்க மாட்டான்னு அந்தாளு பொண்டாட்டிகிட்ட பெருமை அடிச்சது எனக்குக் கேட்டுச்சு. நடுவுல பலகைதானுங்க." ஓய்வு விழாவில் அந்த மாலையை வாங்கிக்கொண்டபோதும் அவளுக்கு இது தெரியும். நீ மேடையில் கட்டுரை வாசித்தபோதும் தெரியும். எல்லாம் தெரிந்துகொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். "ஏன் இத்தனை நாளா சொல்லல?" என்று கேட்டேன். "நீங்க சொல்லுவீங்கன்னுதான்" என்றாள். அதற்குள் தட்டு எடுக்க வந்துவிட்டார்கள்.

உன் வீட்டில் நடந்தது இதற்கு இரண்டு நாள் கழித்து. பிறந்த நாளுக்கு உன் ஆபீஸ் நண்பர்கள் வந்திருந்தார்கள். கேக் வெட்டியானதும் நீ என் தோளில் கை போட்டு எல்லோருக்கும் நடுவில் நிறுத்தி, மத்தூர் கதையைச் சொன்னாய். நன்றாகத்தான் சொன்னாய், இங்கிலீஷில் இன்னும் எடுப்பாக இருந்தது. அதோடு நிறுத்தியிருந்தால்கூட நான் எப்போதும்போல் சிரித்து வைத்திருப்பேன். நீ மேற்கொண்டு, உன் டீமில் ஒரு பெண், குழந்தைக்கு நிமோனியா என்று பதினைந்து நாள் வீட்டிலிருந்து வேலை செய்யக் கேட்டாள் என்றும், ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்று மறுத்துவிட்டாய் என்றும், அவள் வேலையை விட்டுப் போய்விட்டாள் என்றும் சொன்னாய். "நான் யார் பையன்?" என்று என்னைத் தட்டிக்கொடுத்தாய். எல்லோரும் கை தட்டினார்கள். சமையலறை வாசலில் தட்டுகளோடு நின்ற அம்மா என்னைப் பார்த்தாள். நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். நான் கேக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். மறுநாள் காலையில், நீ ஆபீஸ் போன பிறகு, "அவன்கிட்டயாச்சும் சொல்லுவீங்கன்னு பாத்தேனுங்க" என்றாள். இப்ப எதுக்கு, நல்ல நாளும் அதுவுமா என்று நான் இழுத்தேன். "சரி" என்றாள்.

அந்தச் 'சரி'க்குப் பிறகு அவள் இதைப் பற்றிப் பேசவே இல்லை. திரும்பி வரும்போதும் அதே முன் வகுப்பு, அதே சூடான துண்டு. வழியெல்லாம் நான் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வந்தேன். மைசூர் வந்த பிறகும் எல்லாம் வழக்கம்போலத்தான். காலையில் காபி, மத்தியானம் சோறு, சாயந்திரம் டிவி. என் ரத்த அழுத்த மாத்திரையை அவள்தான் எடுத்துக் கொடுக்கிறாள். ஆனால் ஏதாவது கேட்டால் பதில் வருகிறது, அவளாக ஒன்றும் சொல்வதில்லை. நாற்பத்திரண்டு வருஷமாக அவள் பேச்சைப் பாதி காதில் வாங்கிக்கொண்டு இருந்தவன் நான். இப்போது வீடு எனக்குப் பெரிதாக இருக்கிறது. அப்புறம்தான் உன் டிக்கெட் வந்தது, அவள் தனியாகப் போகிறேன் என்றாள். அங்கே போனால் நீ அவளைத் தாங்குவாய், குழந்தை அவளை விடாது. இங்கே திரும்பி வர அவளுக்கு என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். என் மாத்திரை டப்பாதான் இருக்கிறது.

உனக்குப் புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை என்பது இதற்குள் உனக்கே புரிந்திருக்கும். இருந்தாலும் அப்பன் என்கிற உரிமையில் ஒன்று சொல்கிறேன். விதி தப்பு என்று நான் சொல்லவே இல்லை. முதல் வகுப்பு முதல் வகுப்புதான், விமானத்துக் கழிப்பறைக்கும் விதி உண்டுதான். ஆனால் ஒருவரிடம் விதியைப் பேசும்போது, அதே விதியை அந்த வாரத்தில் யாரிடம் பேசாமல் விட்டோம் என்று கொஞ்சம் திரும்பிப் பார். நான் முப்பத்தாறு வருஷத்தில் இறக்கிவிட்டவர்களை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். கைக்குழந்தைக்காரி, கூலிக்காரன், இங்கிலீஷ் தெரியாத கிழவர், என் மனைவி. என்னைத் திருப்பிக் கேட்கக்கூடியவர் ஒருவர்கூட நினைவுக்கு வரவில்லை. நேர்மை என்று நான் சுமந்துகொண்டு திரிந்ததில் பாதி பயம்தான். உன் டீமை விட்டுப் போன அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுப் பேசு. அவள் திரும்பி வருவாளோ மாட்டாளோ, அது அவள் இஷ்டம். குழந்தை எப்படி இருக்கிறது என்றாவது கேள். நான் அதைக்கூடக் கேட்கவில்லை. உனக்குக் கால் வலித்ததா என்று அன்றைக்கு நான் உன்னிடம் கேட்கவே இல்லை, கண்ணா. இப்போது கேட்டு என்ன பிரயோசனம் என்று தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

இவ்வளவும் எழுதி முடித்து, கடைசியில், என் டிக்கெட்டைப் பின் வகுப்புக்கு மாற்றிக் கொடு, அம்மா முன்னால் நிம்மதியாக வரட்டும், நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து வருகிறேன் என்று எழுதியிருந்தேன். இன்று காலையில் காகிதங்களை அம்மாவிடம் கொடுத்தேன். அவள் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பக்கமாக வாசித்தாள். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். பரீட்சை எழுதிவிட்டு வாத்தியார் முன்னால் நிற்பதுபோல் இருந்தது. முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஒண்ணு விட்டுட்டீங்க" என்றாள். "அன்னிக்கி மண்டியா தாண்டினதும் இவன் என்னைக் கேட்டான். அப்பா ஏம்மா நம்மளத் தெரியாத மாதிரி பேசினாருன்னு. அப்பா டூட்டில இருந்தா அப்பிடித்தான் கண்ணு பேசோணும், அப்பா ரொம்ப நேர்மைன்னு நான்தானுங்க சொன்னேன். புள்ள மனசு உடைஞ்சிரும்னு சொன்னேன். இந்தக் கதைய மொதல்ல கட்டினது நான். அதையும் எழுதுங்க."

அவள் சொன்னபடி எழுதிவிட்டேன். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. நான் அழுது முடிக்கிற வரைக்கும் அவள் விட்டுவிட்டு, கடைசிப் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்து, நான் பின்னால் உட்கார்ந்து வருகிறேன் என்று எழுதியிருந்த இடத்தை விரலால் காட்டினாள்.

"இத அடிச்சுருங்க. நீங்க பின்னாடி போய் உக்காந்துட்டா எல்லாம் ஆயிருச்சாக்கும்? ரெண்டு டிக்கெட்டும் அப்பிடியே இருக்கட்டும். எம்பக்கத்துல, அதே ஓரத்து சீட்லயே உக்காருங்க. பின்னாடி இருந்து யாராச்சும் கொழந்தையத் தூக்கிட்டு வந்தா, எந்திரிச்சு வழி விடுங்க."